மறுபடியும் நெறி கட்டினால் யார் குற்றம்?



போன வாரக் கல்யாணத்தில் டீச்சர் ஏன் கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டே இருந்தார் என்று சிலர் கேட்டீர்களாம். நானே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் கழுத்தில் நெறி கட்டியது. ஊசியால் எடுத்துச் சோதித்ததில் நிணநீர்க் கணுவில் காசநோய் என்று தெரிந்தது. நம் பாட்டிகள் கண்டமாலை என்றது இதைத்தான். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். முடித்து நாலு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் கட்டி.

கட்டியைவிட அதிகம் வலித்தது உறவில் ஒருவர் கேட்ட கேள்வி: "மாத்திரையை ஒழுங்காப் போடலையா?" முப்பத்து நான்கு வருடம் வருகைப் பதிவேடு எழுதியவள் நான். மாத்திரைக்கும் காலண்டரில் தினமும் குறி போட்டேன். ஒரு நாள்கூட ஆப்சென்ட் இல்லை.

கட்டி திரும்பினாலே நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. செத்த கிருமியின் மிச்சத்தை உடம்பு எதிர்க்கும்போதும் நெறி வீங்கும். இது சிகிச்சையின் நடுவிலும் வரும், முடிந்த பிறகும் வரலாம். சிலருக்கு உண்மையாகவே நோய் திரும்பும். சிலருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக இருக்கும். வேறு நோயாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்த்து மட்டும் இவற்றைப் பிரிக்க முடியாது.

முதலில் போன இடத்தில் கழுத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, பழைய மாத்திரையையே திரும்பத் தொடங்கச் சொன்னார்கள். மகன் சம்மதிக்கவில்லை. அவை ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகள், என் வயதில் விளையாட்டில்லை. வேறு மருத்துவமனையில் மறுபடியும் ஊசியால் எடுத்தார்கள். சிபிநாட் சோதனையில் கிருமி தெரிந்தது, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகைதான். ஆனால் அந்தச் சோதனை செத்த கிருமியையும் காட்டிவிடும். உயிரோடு இருக்கிறதா என்று கல்ச்சர்தான் சொல்ல வேண்டும். அதற்கு ஆறு வாரம் வரை ஆகும். இன்று நான்காவது வாரம். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

முடிவு எதுவானாலும் என் கருத்து இதுதான். மாத்திரையைப் பாதியில் விடுவது தப்பு. சோதிக்காமல் மறுபடியும் தொடங்குவதும் தப்பு. நோயாளியைக் குற்றவாளியாக நிற்க வைப்பது இரண்டையும்விடப் பெரிய தப்பு. அதற்குப் பயந்துதான் பலர் கட்டியை மறைக்கிறார்கள். வரன் தட்டிப்போகும் என்று பெண் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக மறைக்கிறோம்.

இன்னொன்று. நெறியில் மட்டும் இருக்கும் காசநோய் இருமலால் பரவாது. எனக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று, நுரையீரலில் ஒன்றுமில்லை. எனக்கென்று தனி டம்ளர் வைக்க வேண்டாம். நுரையீரல் காசநோயே டம்ளரால் பரவுவதில்லை, காற்றால்தான் பரவும்.

உங்களில் யாருக்காவது நெறி இரண்டு வாரத்துக்கு மேல் வற்றாமல் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காசநோய்க்குச் சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் உண்டு.

அடுத்த விசேஷத்துக்கு முந்தானையால் மூடாமல் வருவேன். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்