திரும்பி வருபவருக்கான எடை

எடைப் பயிற்சித் திட்டங்கள் பொதுவாக மனிதரை மூன்று வகையாகப் பிரிக்கின்றன: தொடக்க நிலையினர், இடைநிலையினர், தேர்ந்தோர். இவற்றுள் எதிலும் அடங்காத நான்காமவர் ஒருவர் உண்டு. ஒரு காலத்தில் முறையாகப் பயின்று, பிறகு ஐந்தாறு ஆண்டுகள் விட்டுவிட்டு, மீண்டும் ஜிம் வாசலுக்கு வந்து நிற்பவர். பெங்களூரின் ஆய்வு நிறுவனங்களில் இத்தகையோருக்குப் பஞ்சமில்லை. இளநிலைப் பட்டக் காலத்தில் 80 கிலோவைத் தோளில் ஏற்றி ஸ்குவாட் செய்தவர், முனைவர் பட்டத்தின் நான்காம் ஆண்டில் இடுப்பு வலியோடும் ஆண்டுச் சந்தா ரசீதோடும் திரும்புகிறார். ‘புதிதாகச் சேர்கிறீர்களா?’ என்று டிரெயினர் கேட்டால், ‘இல்லை, முன்பே செய்திருக்கிறேன்’ என்கிறார். அந்தப் பதில் உண்மைதான். அவருக்குத் தீங்காக முடிவதும் பெரும்பாலும் அதுவே.

உடலின் பகுதிகள் ஒரே வேகத்தில் மீள்வதில்லை. நரம்பும் தசையும் விரைந்து பழைய நிலையை நோக்கி நகர்கின்றன. ஆஸ்லோ ஆய்வாளர்கள் 2010-இல் சுண்டெலிகளிடம் கண்டறிந்தபடி, பளுவால் தசையிழைகள் பெற்ற கூடுதல் உட்கருக்கள், பின்னர் அத்தசை மெலிந்தபோதும் அழியாமல் மூன்று மாதம் வரை எஞ்சியிருந்தன. மனிதரிடம் இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற விவாதம் முடியவில்லை. எனினும் திரும்பி வருபவர் முற்றிலும் புதியவரைவிட வேகமாக வலுப்பெறுவது பயிற்றுநர் அனைவரும் அறிந்ததே. தசைநாண்களோ மெல்லவே இறுகுகின்றன. மூன்றாம் வாரத்தில் தசை ‘முடியும்’ என்கையில் முழங்காலும் தோள்மூட்டும் இன்னும் முதல் வாரத்திலேயே இருக்கின்றன. இவ்விரண்டிற்கும் மேலாக நினைவு. அது சிறிதும் மெலியாமல் பழைய 80 கிலோவையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதல் நாளிலேயே நினைவின் சொற்படி நடப்பவருக்கு அடுத்த ஒன்று முதல் மூன்று நாள்கள் வரை படியிறங்க இயலாத வலி மிஞ்சும். அரிதாக, தசை சிதைந்து அதன் புரதம் குருதியில் கலந்து, சிறுநீர் கருத்த தேநீர் நிறத்தில் வெளியேறி, சிறுநீரகமே பாதிக்கப்படுவதும் உண்டு. அந்நிறத்தைக் கண்டால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மறுநாள் ஜிம்முக்கு அல்ல.

ஆகவே இவருக்கான திட்டத்தைத் தேர்வதற்கு இரண்டு வினாக்கள் போதுமானவை. அத்திட்டம் அனுமதிக்கும் மிகச் சிறிய எடையேற்றம் எவ்வளவு? வராத நாள்களுக்கு அது என்ன வழி சொல்கிறது? திட்டத்தின் பெயர், அதை எழுதியவரின் புஜ அளவு, கடைப்பிடித்தவர்களின் ‘முன்–பின்’ படங்கள் ஆகியவை இவற்றுக்குப் பின்னரே எண்ணத்தக்கவை.

படிப்படியாக எடை கூட்டும் முறை மருத்துவத்துள் நுழைந்ததே திரும்பி வருவோருக்காகத்தான் என்பதை இங்கு நினைவுகூரலாம். தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க மருத்துவர், இளமையில் ருமாட்டிக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்னர் எடைப் பயிற்சியால் தம் உடலை மீட்டுக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற படைவீரருக்கு அவர் சிகாகோவின் கார்டினர் மருத்துவமனையில் அளித்த பயிற்சியை 1945-இல் கட்டுரையாக வெளியிட்டார். முதலில் ஏழு முதல் பத்து செட் வரை கேட்ட அவர், 1948-இல் வாட்கின்ஸுடன் சேர்ந்து அதை மூன்றாகக் குறைத்தார். பத்து முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் பாதி, பிறகு முக்கால், பிறகு முழுமை. இன்று ஜிம் அட்டைகளில் காணும் ‘மூன்று செட், பத்து முறை’ என்பதன் தலையாய ஊற்று இதுவே. அந்த ஏறுவரிசைதான் அதன் உயிர். இன்றைய அட்டைகள் எண்களை வைத்துக்கொண்டு ஏறுவரிசையைக் கைவிட்டன.

பெங்களூருக்கும் இதில் ஒரு முன்வரலாறு உண்டு. ஹெர்குலஸ் ஜிம்னேசியத்தை நடத்திய கே.வி. ஐயர் பார்பெல்லையும் யோகாசனத்தையும் ஒரே பயிற்சியாக இணைத்தவர். 1930-இல் ‘மசில் கல்ட்’ என்ற நூலை வெளியிட்டவர். (‘சாந்தலா’ என்ற கன்னட நாவலை எழுதியவரும் இவரே. உடலை வளர்ப்பவருக்கு எழுத்து வராது என்று கருதும் கல்வியாளர் கவனிக்க.) தபால்வழிப் பயிற்சியும் அளித்தார். ஆசிரியர் மாணவரைக் காணாத ஏற்பாட்டில் தம் வலிமையைத் தாமே மதிப்பிடும் பொறுப்பு மாணவர் தலையில் விழுகிறது. இணையத்திலிருந்து அட்டவணையை இறக்கிக்கொள்ளும் இன்றைய ஆய்வு மாணவரும் அதே நிலையில்தான் இருக்கிறார்.

அவர் இறக்கிக்கொள்வது பெரும்பாலும் மார்க் ரிப்பட்டோ 2005-இல் வெளியிட்ட ‘ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்’ அல்லது அதன் கிளைகளில் ஒன்றாகவே இருக்கும். சில அடிப்படை அசைவுகள், மூன்று செட், ஐந்து முறை, ஒவ்வொரு வருகையிலும் எடை கூட்டல். தெளிவான, நேர்மையான திட்டம். ஆயினும் அதன் மனத்திலுள்ள வாசகர் பசி மிகுந்த இளைஞர்; மெலிந்த இளைஞருக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் பால் என்ற புகழ்பெற்ற பரிந்துரையே அதற்குச் சான்று. பெங்களூர்க் கணக்கில் அது ஏறத்தாழ எட்டு அரை லிட்டர் நந்தினிப் பாக்கெட். முப்பத்தைந்து வயதில், இரவு இரண்டு மணிவரை தரவுகளோடு போராடும் ஒருவருக்கு அது எழுதப்படவில்லை.

எடையேற்றத்தின் சிக்கலைக் கணக்கே காட்டிவிடும். ஒலிம்பிக் தண்டின் எடை 20 கிலோ. பல ஜிம்களில் கிடைக்கும் மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ, இருபுறமும் ஒவ்வொன்று மாட்டினால் ஏற்றம் 5 கிலோ. 80 கிலோ ஸ்குவாட்டில் அது பதினாறில் ஒரு பங்கு. வெறும் தண்டைத் தலைக்குமேல் தூக்கப் பயிலும் பெண்ணுக்கோ அது நான்கில் ஒரு பங்கு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009-இல் பரிந்துரைத்த ஏற்றம் 2 முதல் 10 விழுக்காடு. அதாவது இவருக்கு 2 கிலோவுக்கு மேல் கூடாது. இரண்டாம் வாரத்தில் அவர் திணறினால் ‘பெண்களுக்கு வராது’ என்பார்கள். குறை பிளேட்டில் இருக்கிறது.

தென்தமிழகச் சிற்றூர்களின் இளவட்டக்கல்லும் இதே இயல்புடையது. அதற்கு ஒரே எடை. தூக்கியவர் தூக்கினார், முடியாதவர் திரும்பினார். அது தேர்வு வைக்கும் கல். பார்பெல்லின் சிறப்பே அந்தக் கல்லைத் துண்டு துண்டாக்கித் தருவதில் இருக்கிறது. துண்டுகள் பெரிதாக இருந்தால் அது மீண்டும் இளவட்டக்கல்லாகிவிடும். சிறு பிளேட் இல்லாத இடத்தில் எண்ணிக்கையைக் கூட்டுவதே வழி: ஒரே எடையை எட்டு முறையில் தொடங்கிப் பன்னிரண்டு முறை வரை கொண்டுசென்று, அதன் பின்னரே எடையை உயர்த்துவது. மெதுவானதுதான். தசைநாண்களுக்கு அந்த மெதுவே தேவை.

இரண்டாம் வினாவில் தோற்பவை, திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு என ஆறு நாள்களுக்கு உடலைப் பங்கிடும் அட்டைகள். கால் பயிற்சிக்குரிய நாளில் ஆய்வுக்குழுக் கூட்டம் வந்தால் கால்களுக்கு அடுத்த முறை பதினான்கு நாள்கள் கழித்தே வரும். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் முழு உடலுக்கும் பயிற்சி தரும் திட்டத்தில் ஒரு நாள் தவறினால் இழப்பு சிறிது. தசை வலுவூட்டலுக்கு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள்கள் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும்.

2021 அக்டோபர் 29 அன்று நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மறைந்தபோது, பரிசோதனைக்காக ஜெயதேவா மருத்துவமனையில் மக்கள் திரண்டனர். ஜிம்தான் காரணம் என்ற முடிவுக்குப் பலர் தாவினர். அதற்கு ஆதாரம் எதுவும் நிறுவப்படவில்லை. எனினும் அந்த அச்சத்தில் பயனுள்ள ஒரு கூறு இருந்தது. நாற்பதைக் கடந்தவரும், குடும்பத்தில் இதயநோய் உள்ளவரும், நடக்கும்போது நெஞ்சு இறுகுவதை உணர்பவரும் மருத்துவரைக் கண்ட பின்னரே தொடங்குவது நன்று. எந்த அட்டவணையாலும் இதயத்தைப் பரிசோதிக்க இயலாது.

மற்றவர் முதல் இரண்டு வாரங்கள் வெறும் தண்டோடு, அல்லது அதனினும் இலேசான டம்பெல்லோடு தொடங்கலாம். ஒவ்வொரு செட்டும் இன்னும் மூன்று நான்கு முறை தூக்கலாம் என்ற நிலையிலேயே நிற்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் விட்ட எடையிலேயே தொடரலாம். இரண்டு வாரமானால் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கலாம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் காலத்தில் இரண்டு மாதம் போய்விட்டால், மீண்டும் வெறும் தண்டு.