நீராடலும் நாட்பட்ட நோவும்

நீராடுதல் நம்மவர்க்குச் சமயக் கடமை. அஃது மருந்துமாம் என்பது முன்னோர் துணிபு. மாருதப்புரவீகவல்லி என்னும் சோழ இளவரசி கீரிமலைத் தீர்த்தமாடிக் குன்மநோயும் குதிரைமுகமும் நீங்கப்பெற்றாள் என்பது யாழ்ப்பாணத்துச் சிறுவரும் அறிந்த கதை. மூட்டுநோவுற்றோர் திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றை நாடுவதும், நொச்சியிலை அவித்த நீரில் முழுகுவதும் நம்மிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கங்கள். இவற்றை மூடநம்பிக்கையென இகழ்வாரும் உளர்; எந்நோயையும் தீர்க்கும் மருந்தெனப் புகழ்வாரும் உளர். இருசாராரும் உண்மையைத் தவறவிடுகின்றனர் என்பதே எமது கருத்து.

நீர் நோவைத் தணிப்பது எவ்வாறு? இடுப்பளவு நீரில் நிற்பவருடைய கால்கள் தாங்கும் பாரம் அவர்தம் உடல்நிறையில் ஏறக்குறைய அரைப்பங்கு. கழுத்தளவு நீரிலோ ஏறக்குறைய பத்திலொரு பங்கு. வகுப்பறையில் நாம் கற்ற ஆக்கிமிடீசின் தத்துவமே ஈண்டு மருத்துவமாகின்றது. நிலத்தில் ஓரடி வைக்க அஞ்சும் முழங்கால் நீரினுள் எளிதில் மடங்கி நிமிர்கின்றது. நீரின் இளஞ்சூடு இறுகிய தசைகளை நெகிழ்த்துகின்றது. ஆயின், மூட்டில் தேய்ந்துபோன கசியிழையத்தை எத்தீர்த்தமும் மீண்டும் வளர்ப்பதில்லை. நீர் தருவது தணிவு. அத்தணிவைத் துணைக்கொண்டு உறுப்புக்களை முறையாக இயக்குவதே சிகிச்சை.

வேறு நோய் பற்றியதாயினும், அமெரிக்க சனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ட் வரலாறு இதனை விளக்கும். 1921இல் அவர் கால்கள் செயலிழந்தன. இளம்பிள்ளைவாதமென வைத்தியர் கூறினர். 1924இல் யோர்ச்சியா மாநிலத்து வாம் ஸ்பிறிங்ஸ் என்னும் வெந்நீரூற்றுக்குச் சென்று நீரினுள் பயின்றார். முன்போல நடக்கும் ஆற்றலை அவ்வூற்று அவருக்கு மீட்டளிக்கவில்லை. எனினும், நீரிற் பயிலுவதன் பயனை உணர்ந்த அவர் 1926இல் அவ்விடத்தை விலைக்கு வாங்கி, மற்றை நோயாளர்க்கும் பயன்படுமாறு நிலையமொன்றை நிறுவினார். அற்புதம் நிகழாமை கண்டு அவர் நீரைக் கைவிட்டாரல்லர்.

நம் நிலையை நோக்குவோம். கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் நீரை மொண்டு வார்ப்பதே வழக்கம். சூடு மேனியிற் பட்டு நொடியில் வழிந்தோடும். கீரிமலைக் கேணியில் அமிழ்ந்து நீந்தலாம். ஆயின் அந்நீர் குளிர்ந்தது. படியிறங்குதல் முழங்கால் நொந்தார்க்கு அரிது. இப்புண்ணிய தலங்களை மாற்றியமைத்தல் வேண்டுமென யாம் கூறேம். அவை அவ்வாறே போற்றப்படுக. யாம் வேண்டுவது பிறிதொன்று: மாவட்டந்தோறும் ஒரு வைத்தியசாலையிலேனும் இளவெந்நீர்த் தடாகம் ஒன்று இருத்தல் வேண்டும். சாய்வான வழியும் கைப்பிடியும் அதற்கு அமைதல் வேண்டும். பயிற்சி தர இயன்மருத்துவர் உடனிருத்தல் வேண்டும். இருதய நோயாளரும், நீரிழிவினாற் காலுணர்ச்சி குன்றியோரும், ஆறாத புண்ணுடையோரும் வைத்தியரைக் கேளாது வெந்நீரில் இறங்கலாகாது.

நம் கல்லூரித்தாய் வைத்தியரையும் பொறியியலாளரையும் வணிகரையும் ஈன்றவள். அவர் ஒன்றுகூடின் இஃது அரிய காரியமன்று. நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் பலர் இன்று ஊன்றுகோலின்றி முற்றத்தைக் கடக்கவியலாது வருந்துகின்றனர். அவர்தம் நோவைச் சிறிதேனும் தணித்தல் இவ்விழாவாண்டில் நாம் செலுத்தத்தக்க குருதட்சிணையன்றோ!