ராத்திரி எங்கே படுத்திருந்தான்?

விடியற்காலை நாலு மணிக்கு, வயிற்றுவலியில் துடிக்கும் ஒரு பையனை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாந்தியும் இருக்கிறது. காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை, இரவு சாப்பாட்டிலும் வித்தியாசம் இல்லை. இதையெல்லாம் ஹவுஸ் சர்ஜன் தன் கைப்பேசியில் சாட்ஜிபிடியிடம் தட்டிவிட்டால் இரைப்பைப் புண், குடல்வால், கணையம், சிறுநீரகக் கல் என்று ஒரு பட்டியல் வரும். பட்டியலில் ஒரு தப்பும் இருக்காது. ஆனால் பையனின் இமைகள் சரிந்துகொண்டிருக்கும்.

பழம் தின்று கொட்டை போட்ட டியூட்டி டாக்டராக இருந்தால் அம்மாவைப் பார்த்து முதலில் கேட்பது, "ராத்திரி எங்கம்மா படுத்திருந்தான்?" என்றுதான். தரையில் பாய் விரித்து என்று பதில் வந்தால் போதும், அவர் கட்டுவிரியனை நினைத்துவிடுவார். அது இரவில் திரியும் பாம்பு. தூங்குகிறவரைக் கடித்தால் பல நேரம் வலி தெரியாது, பல் தடமும் கண்ணில் படாது. வயிற்றுவலியில் தொடங்கி, இமை தொங்கி, எச்சில் விழுங்க முடியாமல் போய், கடைசியில் மூச்சுத் தசையை முடக்கும். மண்டகப்பட்டிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் கரும்புக்கும் நெல்லுக்கும் மல்லாட்டைக் கொல்லைக்கும் நடுவில்தான் வீடுகள். வெயில் காலத்தில் கட்டில் தேடுபவர் குறைவு. இந்த மண்ணில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது சிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்குச் சமம்.

எந்திரத்துக்குக் கட்டுவிரியன் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 'தரையில் படுத்திருந்தான், இமை தொங்குகிறது' என்று இரண்டு விவரம் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள், பாம்புக்கடியைத்தான் முதலில் சொல்லும். எத்தனை குப்பி நஞ்சுமுறி என்றும் சொல்லும். அந்த இரண்டு விவரமும் எங்கிருந்து வரும் என்பதுதான் என் கவலை. ஒன்றை வாயால் கேட்க வேண்டும், மற்றதைக் குனிந்து முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2023 தொடக்கத்தில், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கேள்விகளில் சாட்ஜிபிடி தேர்ச்சிக் கோட்டை எட்டிவிட்டதாக ஓர் ஆய்வு வந்தது. அதே ஆண்டில் கூகுளின் மருத்துவ எந்திரமான மெட்-பாம் 2 அந்த வகைக் கேள்விகளில் 86.5 விழுக்காடு வாங்கியது. இனி டாக்டரே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரே ஆரவாரம். அந்தக் கேள்வித்தாளைப் புரட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒவ்வொரு கேள்வியிலும் நோயாளியின் வயது, தொழில், எப்போது தொடங்கியது, நாடித்துடிப்பு எவ்வளவு என்று ஒரு பத்தி இருக்கும். யாரோ ஒரு டாக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டு, தேவையில்லாததைத் தள்ளி, எழுதிவைத்த பத்தி அது. பாதி வேலை முடிந்த பிறகு மீதிப் பாதிக்கு வாங்கிய மதிப்பெண்தான் அந்த 86.5.

அந்த முதல் பாதியின் கனம் எவ்வளவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 1,298 பேரை வைத்துச் செய்த சோதனையை 2025-ல் வெளியிட்டார்கள். நோய் விவரத்தை முழுதாக நேரடியாகக் கொடுத்தபோது எந்திரங்கள் 94.9 விழுக்காடு முறை நோயை அடையாளம் கண்டன. அவற்றையே சாதாரண மனிதர்கள் கையில் கொடுத்துப் பேசிக் கண்டுபிடிக்கச் சொன்னபோது 34.5 விழுக்காடுகூடத் தேறவில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்று மனிதருக்குத் தெரியவில்லை, எதைக் கேட்க வேண்டும் என்று எந்திரத்துக்குத் தோன்றவில்லை. அவர்கள் மருத்துவம் படிக்காதவர்கள்தானே என்பீர்கள். வார்டுக்குள் முதல்முறை நுழையும் மாணவர் மட்டும் என்னவாம்?

ஆகவே கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேடத்தை மாற்றிவிடலாம். எந்திரத்தை நோயாளியாக நடிக்கச் சொல்லுங்கள். கேட்டால் மட்டும் பதில் சொல், நீயாக எதையும் சொல்லாதே என்று கட்டளையிடுங்கள். மாணவர் கேள்வி கேட்கட்டும். வார்டில் நிஜ நோயாளியிடம் கேஸ் எடுக்கும்போதோ, தனக்குத் தோன்றிய நோய்களைப் பேனாவால் எழுதிய பிறகே திரையைத் திறக்கலாம் என்று ஒரு விதி இருந்தால் போதும். இன்னொன்றும் உண்டு. கேஸ் ஷீட்டைப் படம் பிடித்து அப்படியே எந்திரத்துக்குள் தள்ளுகிற பழக்கம் பரவி வருகிறது. நோயாளியின் பெயரும் முகவரியும் அதில் இருக்கின்றன. அதை யாருக்கோ அனுப்ப நாம் யார்?

ஆராய்ச்சிக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஆழம். எழுதப்பட்டதைத்தான் எந்திரம் படித்திருக்கிறது. பாம்புக்கடியில் செத்தவர்கள் எல்லாரும் எழுதப்பட்டவர்களா? பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சாவின் காரணத்தை விசாரித்த 'மில்லியன் டெத் ஸ்டடி' என்ற ஆய்வு, 2005 என்ற ஒரே ஆண்டில் இந்தியாவில் சுமார் 46,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2011-ல் கணித்தது. 2000 முதல் 2019 வரை 12 லட்சம் பேர் என்றது 2020-ல் வந்த அடுத்த கணக்கு. அரசு மருத்துவமனைப் பதிவேடுகளில் இருந்தது இதில் சிறு பகுதிதான். மற்றவர்களில் பெரும்பாலோர் வீட்டிலும் வழியிலும் போய்ச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்ததே 2024 நவம்பரில்தான். பதிவேட்டை மட்டும் படித்த எந்திரம் இருந்திருந்தால், பாம்புக்கடி பெரிய விஷயமில்லை என்று சரளமான நடையில் எழுதிக் கொடுத்திருக்கும். வாசற்படியில் உட்கார்ந்து கேட்டவர்கள்தான் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள்.

எழுதப்பட்டதிலும் குப்பை உண்டு. 'வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி' என்றொரு சொற்றொடர் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளில் தலைகாட்டியது. அப்படி ஒரு முறையே உலகத்தில் கிடையாது. 1950களின் பழைய கட்டுரை ஒன்றைக் கணினியில் ஏற்றியபோது பக்கத்தின் இடப்பத்தியில் இருந்த சொல்லும் வலப்பத்தியில் இருந்த சொற்களும் ஒட்டிக்கொண்டு பிறந்த பிள்ளை அது. எந்திரங்களும் அதைக் கற்றுக்கொண்டன. எனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவர், கல்லூரி பெயர் வேண்டாம், முதுநிலை மாணவர் கொடுத்த தீசிஸில் நூலாய்வுப் பகுதி பிரமாதம் என்று பாராட்டிவிட்டு மேற்கோள்களைத் தேடியிருக்கிறார். இதழ் உண்டு, ஆண்டு உண்டு, பக்க எண் உண்டு, கட்டுரையைத்தான் காணோம். மாணவர் ஏமாற்ற நினைக்கவில்லையாம், எந்திரம் கொடுத்ததை நம்பினாராம். எனக்கு இந்தச் சமாதானம் பெரிய ஆறுதல் தரவில்லை.

செய்த விதத்தை மறைக்காமல் சொல்வதற்கு ஒரு பழைய உதாரணம்: எங்கள் ஊரான மண்டகப்பட்டின் குடைவரையில், ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் வெட்டிவைத்த வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலை எடுத்ததாகச் சொல்கிறான், விசித்திரசித்தன் என்று பட்டம் சூடிய அந்த மன்னன். பெருமைதான் அடித்துக்கொள்கிறான். ஆனாலும் எப்படிச் செய்தேன் என்று வாசலிலேயே எழுதிவைத்தான். நம் தீசிஸ்களில் முறையியல் என்ற தலைப்பு இருந்தும் இந்த ஒளிவின்மை இருப்பதில்லை. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2023 மே மாதமே சொல்லிவிட்டது: எந்திரம் ஆசிரியர் ஆக முடியாது, பயன்படுத்தினால் எங்கே, எப்படி என்று எழுதியே ஆக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் செயற்கை நுண்ணறிவுக்கான அறநெறிகளை அதே ஆண்டில் வெளியிட்டது. விதிகளுக்குக் குறைவில்லை, கேட்கும் ஆள்தான் குறைவு.

வழிகாட்டிகளிடமும் தேர்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். வைவாவில் மாணவரின் மேற்கோள் பட்டியலில் ஏதாவது ஒன்றைத் தொட்டு, இதன் முழுப் பிரதியைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். பிறகு அவர் அட்டவணையில் உள்ள ஒரு நோயாளியைத் தொட்டு, இவர் ராத்திரி எங்கே படுத்திருந்தார் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.