ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பது நம் முன்னோர் பட்டறிந்து கூறிய கசப்பான உண்மை. சட்டமும் நீதிமன்றமும் நிலைபெற்ற இக்காலத்தும் அப்பழமொழி உயிரோடிருக்கின்றது. அதனைப் பொய்யாக்க நாள்தோறும் முயல்வோர் சிலர் நம்மிடையே உளர். கட்டணம் கொடுக்க வகையற்றவர்க்காக மன்றில் எழுந்து நிற்கும் சட்டத்தரணியரே அவர்கள். அவர்களைப் போற்றுதல் நம் கடன் என்பதை வாசக அன்பர்க்கு இவ்வாரம் எடுத்துரைக்க விழைகின்றேன்.

சிலப்பதிகாரம் கற்பிக்கும்போதெல்லாம் என் மாணாக்கரிடம் ஒரு வினாவை எழுப்புவது என் வழக்கம். கோவலன் கொலையுண்டது எதனால்? பொற்கொல்லன் சொன்ன பொய்யினால் என்பார் சிலர். பாண்டியன் ஆராயாது இட்ட ஆணையினால் என்பார் சிலர். இரண்டும் பொருந்தும். மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அயலூரானாகிய அவன் பக்கம் நின்று மன்னன் முன் வழக்குரைக்க அவ்வேளையில் மதுரையில் ஒருவரும் இலர். அவனுக்காகக் கண்ணகி வழக்குரைத்தாள், வென்றாள். ஆயினும் தண்டனை நிறைவேறிய பின்னர் வந்த வெற்றி அது. அக்கண்ணகி இக்கண்டி மாநகரில் தலதா மாளிகைக்கு அண்மையிலே பத்தினித் தெய்வமாகத் தேவாலயங் கொண்டிருக்கின்றாள். அவள் முன் கைகூப்புவோர் அவள் உரைத்த வழக்கையும் நினைத்தல் தகும்.

இம்மலைநாட்டு வரலாற்றிலும் கணவனை இழந்து நீதி வேண்டி நின்ற ஒருத்தி உண்டு. ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, 1940 சனவரி 10ஆம் நாள், கோவிந்தன் என்னுந் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். மக்கள் கிளர்ச்சி மிகவே, அரசாங்கம் விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. கோவிந்தனின் மனைவி சார்பில் அக்குழுவின் முன் நின்று வாதாடியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. அவர் தென்னிலங்கைச் சிங்களவர். இலண்டனிற் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர். சமசமாசக் கட்சித் தலைவர்களுள் ஒருவர். துரைமாரும் பொலிசாரும் எவ்வாறு கைகோத்து நின்றனர் என்பதை அவர்தம் வாதம் வெளிச்சமாக்கியது. அவ்வாண்டு சூன் மாதத்திலேயே அவர் கைதானார். பின்னர் இந்நகரின் போகம்பறைச் சிறையில் அடைபட்டு, 1942 ஏப்பிரலில் தோழர் மூவருடன் அங்கிருந்து தப்பிச் சென்றார்.

சோல்பரி அரசியலமைப்பிற் சிறுபான்மையோர்க்கு இருந்த காப்பு 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் இல்லாமற் போயிற்று. அதனை வகுப்பதில் முன்னின்றவர் இதே கொல்வின் என்ற மனத்தாங்கல் தமிழரிடம் உண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், ஆதரவற்ற தோட்டத்துப் பெண்ணொருத்திக்காக அவர் நின்ற நிலையை மறப்பது நன்றி கொல்லுதலாகும்.

எல்லா ஏழைக்கும் ஒரு கொல்வின் வாய்ப்பதில்லை. ஒருவரது பெருந்தன்மையை நம்பி நீதி காத்திருத்தலும் ஆகாது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே சட்ட உதவி ஆணைக்குழு தோன்றியமை இக்குறையைப் போக்கவே. வருவாய் குறைந்தோர்க்கு ஆலோசனை கூறுதலும் அவர்க்காக மன்றில் முன்னிலையாதலும் அதன் பணி. கண்டியிலும் அதற்கு நிலையம் உண்டு. மேல் நீதிமன்றில் குற்றஞ்சாட்டப்பெற்றுத் துணையின்றி நிற்போர்க்கு அரசு செலவிற் சட்டத்தரணியொருவரை நியமிக்கும் முறையும் உண்டு. இவர்கள் நடத்தும் வழக்குகள் பத்திரிகைகளிற் பெருந்தலைப்புப் பெறுவதில்லை. கைவிட்டுச் சென்றவனிடம் பிள்ளைக்குத் தாபரிப்புப் பணங் கேட்கும் தாய், அடியும் உதையும் பொறாது பாதுகாப்புக் கட்டளை வேண்டும் மனைவி — இத்தகையோரின் வழக்குகளே அவை. தோற்றால் அக்குடும்பம் பட்டினி கிடக்கும், ஊர் அறியாது.

இங்கு மொழியிடர் ஒன்றும் உண்டு. வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்ற நடவடிக்கைகள் பெரும்பாலும் சிங்களத்தில் நிகழ்கின்றன. தமிழில் மனுக்கொடுக்கவும் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகின்றது. உரிமை ஏட்டில் இருப்பதை அறியாதோர் பலர். தெல்தோட்டை, கலஹா மலைகளிலிருந்து வருவோர், “ஐயா, கோட்டுல இருந்து கடுதாசி வந்திருக்கு, என்னா போட்டிருக்குன்னு பாருங்க” என்று தமிழாசிரியனாகிய என்னிடம் அழைப்பாணையை நீட்டுவதுண்டு. ஒரு நாட் சம்பளத்தை இழந்து, பஸ் கட்டணமுங் கொடுத்து மன்றுக்குச் சென்று, ‘தவணை’ என்னும் ஒரு சொல்லோடு மீள்கின்றவர்கள் அவர்கள். அடுத்த தவணை என்று, அதுவரை செய்யவேண்டுவது யாது என்பதை அவர்தம் மொழியிலேயே பொறுமையுடன் விளக்கும் சட்டத்தரணி, வாதத் திறமையிற் சிறந்தவரினும் அவர்க்கு வேண்டியவர்.

இத்தகையோர்க்குப் பொன்னாடை போர்த்தி ஒரு மாலைப் பொழுதில் மறந்துவிடுதல் போற்றுதலாகாது. உழைப்புக்கேற்ற ஊதியத்தை அரசு அவர்க்குக் காலந் தாழ்த்தாது வழங்குக. மலையகத்து நிலையங்களிலே தமிழறிந்தோர் தொகையைப் பெருக்குக. இந்நகரின் இளஞ் சட்டத்தரணியர் மாதம் ஒரு வழக்கையேனும் கட்டணமின்றி ஏற்பாராக. ஆசிரியராகிய நாமும் வாளாவிருத்தல் தகாது. இவ்வுதவி உண்டு, இன்ன இடத்திற் கிடைக்கும் என்னுஞ் செய்தியைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்பினால், அது அன்று மாலையே லயன் வீடுகளை எட்டிவிடும். அப்பிள்ளைகளுள் ஒரு சிலரேனும் சட்டங் கற்க முன்வரின், நாளை அம்மன்றுகளிலே ஏழை சொல் தானே ஏறும்.