கூலிக்காரன் பணத்துக்குப் பூட்டு, கொள்ளைக்காரன் பணத்துக்குத் திறந்த கதவு!

குற்றாலத்தில் வெள்ளம் புரண்டால் அருவியில் குளிக்கத் தடை போடுகிறார்கள். காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. வெள்ளம் வடிந்ததும் தடை நீங்குகிறது. தென்காசியில் ஒரு பாங்கு போட்ட தடை அப்படிப்பட்டதல்ல.

சவூதியில் கட்டட வேலை செய்யும் தொழிலாளி ஒருவர், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு 40,000 ரூபாய் அனுப்பினார். வந்து சேரவில்லை. மனைவி நான்கு முறை பஸ் ஏறி வந்தார். "பரிசீலனையில் இருக்கிறது அம்மா." என்ன பரிசீலனை? எத்தனை நாள்? வாய் திறப்பாரில்லை. நான் கூடப் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் சமாசாரம் வெளிவந்தது: கணவரின் பெயரைப் போன்ற பெயர் ஏதோ தடைப் பட்டியலில் இருக்கிறதாம்! முகம்மது என்றும் அப்துல் என்றும் பெயர் கொண்டவர்கள் கடையநல்லூரிலும் தென்காசியிலும் எத்தனை பேர்! பிறந்த தேதியையும் பாஸ்போர்ட் எண்ணையும் ஒத்துப் பார்த்தால் தீருகிற வேலைக்கு 23 நாள். அதற்குள் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்விட்டது. அந்த வட்டியைப் பாங்கு கட்டுமா?

கௌண்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியரை நான் குறை கூறவில்லை. கம்ப்யூட்டர் போட்ட முடிச்சை அவிழ்க்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

சட்டத்தைக் காட்டுகிறார்கள். சந்தேகப் பணம் பற்றி டில்லிக்கு அறிக்கை அனுப்பினால் வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்பது விதிதான். போதைப் பணத்தை மறிக்கத்தான் வேண்டும், யார் மறுத்தது? ஆனால் "இன்ன காகிதம் குறைகிறது" என்று எழுதிக் கொடுக்க எந்தச் சட்டம் தடுக்கிறது?

இந்தக் கழுகுக்கண் பெரிய புள்ளிகளிடம் எங்கே போயிற்று? டில்லி அசோக் விஹாரில் பாங்க் ஆப் பரோடா கிளையிலிருந்து சுமார் 6,000 கோடி ரூபாய் ஹாங்காங்குக்குப் போனதாக 2015-ல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. வராத சரக்குக்கு முன்பணமாம்! கண்காணிப்பில் சிக்காதபடி, ஒவ்வொரு தவணையும் லட்சம் டாலருக்குள். 2018-ல் நீரவ் மோடி விவகாரம் வெடித்தது. பஞ்சாப் நேஷனல் பாங்கின் 'ஸ்விப்ட்' வழியே உத்தரவாதச் செய்திகள் வெளிநாடு பறந்தன. பாங்கின் கணக்கேட்டிலோ பதிவே இல்லை. 13,000 கோடிக்கு மேல்! ஆசாமி அதற்கு முன்பே விமானம் ஏறிவிட்டார். மெக்ஸிகோ போதைக் கும்பல்களின் பணத்தைக் கடத்தவிட்ட எச்.எஸ்.பி.சி., 2012-ல் அமெரிக்காவுக்கு 190 கோடி டாலர் கட்டித் தப்பியது. ஒரு அதிகாரிகூடச் சிறை செல்லவில்லை.

நமது கோரிக்கை பெரிதல்ல. பணத்தை நிறுத்தினால் எழுத்தில் தகவல் கொடு, நாள் குறி, பாங்கின் பிழையால் தாமதமானால் வட்டியோடு கொடு.

பணம் நின்றுபோன சகோதரிகள் வாய்ச்சொல்லை நம்பித் திரும்பாதீர்கள். பாங்கில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதிலில்லையென்றால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மனு எழுதித் தர மாலை நேரங்களில் நமது ஆபீசில் ஆள் இருக்கிறோம்.