வற்றுப்பெருக்கும் வாக்கியமும்

கோணேசர் மலையடியில் கடல் ஏறி வற்றும் அளவு மிகச் சிறிது. பௌர்ணமியிலும் மூன்றடியை எட்டுவதில்லை. ஆயினும் அச்சிறு அசைவுக்கும் மணியும் நிமிடமும் குறித்த அட்டவணை உண்டு. மலைமேல் கோயிலுக்கு நாள் குறிப்பது பஞ்சாங்கம். கீழே உள்ளது விஞ்ஞானம், மேலே உள்ளது வெறும் நம்பிக்கை என்று மாணவர்க்குச் சொல்லிவிடுகிறோம். இப்பிரிவினை எனக்கு உடன்பாடன்று.

வாக்கிய பஞ்சாங்கத்தை எடுத்துக்கொள்வோம். விரைந்தும் தளர்ந்தும் செல்லும் தன் சுற்றைச் சந்திரன் 248 நாளில் ஒன்பது முறை முடிக்கிறான். நாளுக்கொரு தொடராக 248 வாக்கியங்கள். அவற்றின் எழுத்துக்களே எண்கள். 1825 மே 31ஆம் நாள் சந்திர கிரகணத்தைப் புதுச்சேரித் தமிழ்க் கணிதர் ஒருவர் மனப்பாடமான வாக்கியங்களையும் தரையில் பரப்பிய சோழிகளையும் கொண்டே கணித்ததை ஜான் வாரன் பதிவு செய்தார். கிரகணத்தின் நடுவேளையில் பிழை 23 நிமிடம், முடிவில் 52. வானம் முறைதவறாது மீளும் என்ற உறுதி இல்லாதிருப்பின் இத்தனை தலைமுறையினர் எண்ணிக்கொண்டிருப்பரோ? அவ்வுறுதியைப் பேணியது சமயம். வற்றுப்பெருக்கு அட்டவணையும் பல சுழற்சிகளைக் கூட்டிக் காண்பதுதான். கெல்வின் பிரபு 19ஆம் நூற்றாண்டில் வகுத்த வழி அது. ஆனால் அங்கே அளவுகோல் ஒன்று நீரில் நிற்கிறது.

நம்மவரிடமும் அது இருந்தது. கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களை நேரே நோக்கி, 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். ஆயினும் வாக்கியம் மந்திரம்போல் ஆகிவிட்ட இடங்களில் திருத்தம் அபசாரமாயிற்று.

1829 மார்ச்சில் கிரகண நேரம் பற்றி அராலி விசுவநாத சாத்திரியாருக்கும் வட்டுக்கோட்டைச் செமினரியின் டானியல் பூர் பாதிரியாருக்கும் வழக்கு எழுந்தது. வானம் பாதிரியார் பக்கம் நின்றது. புராண உலகப்படம் சரிந்தால் சைவமும் சரியும் என்பது மிஷனரிமார் கருத்து. அவர்தம் வானநூலும் ஒரு சமய ஒழுங்கைச் சுமந்தே வந்தது. ஆனால் கணிதர் கணக்கில் இராகு பாம்பன்று. இரு பாதைகள் வெட்டும் புள்ளி. பிழைத்தவை திருத்தாமல் விட்ட எண்கள். இதைச் சொல்லாமல் 1829ஐ மட்டும் கற்பிப்பது பாதிக் கல்வி.

இன்றும் கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கமும் புத்தாண்டுப் பிறப்பை வெவ்வேறு நேரத்தில் சொல்கின்றன. எது நம்முடையது என்று வாதிடுவோர் பலர். அடுத்த சந்திர கிரகண இரவில் இரண்டையும் ஒரு கடிகாரத்தோடு மாணவர் கையில் கொடுத்து, துறைமுகக் கரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரைக் காண விரும்புகிறேன்.