இலவசம்னு சொன்னா போதுமா?

நம்ம கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் ஒரு வியாபாரியைப் பார்த்தால் முதலில் சொல்வது, "அண்ணே, தண்டர்பேர்ட் போடுங்க, காசே கிடையாது." இதைவிட மொக்கையான வாதம் இல்லை. அவருக்கு அவுட்லுக்கும் ஓசிதானே! ஆனையூரில் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுக்கும் பையனே திருட்டு ஆபீஸையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஓசியோடு இலவசம் மோதினால் எப்படி ஜெயிக்கும்?

தடை விலையில் இல்லை மக்களே. மூன்று இடத்தில் இருக்கிறது.

முதலாவது, பழைய அஞ்சல். பத்து வருடக் கொட்டேஷன், ஆர்டர், வாடிக்கையாளர் முகவரி எல்லாம் ஒரு பிஎஸ்டி கோப்புக்குள் கிடக்கிறது. தண்டர்பேர்ட் தானாக அதை இறக்குமதி செய்ய, அதே கணினியில் அவுட்லுக்கும் இருக்க வேண்டும். "முதல்ல லினக்ஸ் போடுவோம், மெயிலை அப்புறம் பார்ப்போம்" என்றால் கதை முடிந்தது.

இரண்டாவது, நாள்காட்டி. தண்டர்பேர்ட் 1.0 வெளிவந்தது 2004-ல். நாள்காட்டி அதனுடன் சேர்ந்தே வந்தது 2015-ல்தான். அதுவரை தனியாக நிறுவ வேண்டிய ஒரு நீட்சி. எக்ஸ்சேஞ்ச் அஞ்சலை நீட்சி இல்லாமல் நேரடியாக எடுக்கும் வசதி 2025 நவம்பரில், 145-ஆம் பதிப்பில் வந்தது. அதிலும் நாள்காட்டி சேரவில்லை! சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி எக்ஸ்சேஞ்சில் இருந்தால் நம்ம வியாபாரி என்ன செய்வார்?

மூன்றாவது, ஆள். திங்கட்கிழமை காலை மெயில் வரவில்லை என்றால் யாருக்குப் போன் போடுவது? இணையத்தில் தேடிக்கோங்க என்று கடைக்காரரிடம் சொல்ல முடியுமா?

அப்படியானால் முடியவே முடியாதா? முடியும். உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில், நம்ம எல்காட் நிறுவனமே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறியது. தலைமையில் இருந்தவரே முன்னின்றார். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2025 அக்டோபரில் 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை மாற்றி முடித்தது. அவர்கள் தண்டர்பேர்டை மட்டும் போட்டுவிட்டு ஓடிவிடவில்லை. எக்ஸ்சேஞ்சையும் தூக்கிவிட்டு ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச் சர்வரை வைத்தார்கள். பழைய அஞ்சலையும் நாள்காட்டிப் பதிவுகளையும் சேர்த்தே நகர்த்தினார்கள். மேசையில் இருக்கும் செயலியை மட்டும் மாற்றினால் பூட்டு அப்படியே இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நமக்கு மட்டும் இது ஏன் புரியவில்லை? இன்ஸ்டலேஷன் விழா நடத்தி, சமோசா சாப்பிட்டு, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்தால் போதும் என்று நினைக்கிறோம். அடுத்த வாரமே அந்தக் கணினியில் பழைய விண்டோஸ் ஏறிவிடும். அப்புறம், "நம்ம ஆளுங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று வியாபாரியைத் திட்டுவோம். அவர் பிழைப்பு அந்த மெயில் பெட்டிக்குள் இருக்கிறது சார். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி வருட ப்ராஜெக்டுக்கு மறுபடியும் நூலக மேலாண்மை மென்பொருள் எழுதாதீர்கள். ஒரே ஒரு கடையைப் பிடியுங்கள். பிஎஸ்டியைப் பிரித்து நகர்த்துங்கள். நாள்காட்டிக்கு ஒரு கேல்டேவ் சர்வர் வையுங்கள். பிறகு ஆறு மாதம் அவர் கூப்பிடும்போதெல்லாம் போனை எடுங்கள். இலவசம் என்ற வார்த்தையைச் சொல்லவே வேண்டாம் :-)